ஆரஞ்சு வயர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குள்
தொட்டிகள் தெருவோரம் வந்துவிட வேண்டும்.
கறுப்பில் குப்பை, நீலத்தில் காகிதமும் புட்டியும்,
நடுவே ஒரு மீட்டர் இடைவெளி.
டிரான்ஸ்கோனாவில் நாங்கள் எல்லோரும்
தவறாமல் கடைப்பிடிக்கும் மதம் இது ஒன்றுதான்.

முப்பத்தோரு வருஷம் வின்னிபெக்கில் பஸ் ஓட்டினேன்.
கண்ணாடி வழியாகவே மனிதரைப் பார்த்த பழக்கம்
ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை.
இப்போது சமையலறை ஜன்னல்.
நான் நிற்கிறேன், தெரு ஓடுகிறது.

வெர்னா டூசெட்டின் நாய்க்கு
நாலு காலிலும் சிவப்பு பூட்ஸ்.
போகும்போது நாலு, திரும்பும்போது பெரும்பாலும் மூன்று.
இருட்டியபின் டார்ச்சோடு
அவள் மட்டும் தனியாக வருவாள்.

எதிர்வீட்டு டிமாகுலாங்கன் தம்பதிக்கு ஒரே கார்.
அவன் இரவு ஷிப்ட், அவள் பகல் ஷிப்ட்.
ஆறே முக்காலுக்கு வாசலில் சாவி கை மாறும்.
என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்காது.
இரண்டு வாயிலிருந்தும் ஆவி கிளம்பி
ஒன்றாகிக் கலைவது மட்டும் தெரியும்.
அரை நிமிஷம். சில நாள் அதுவும் இல்லை.

பனி தள்ளும் வண்டி எல்லோர் வாசலையும் அடைத்துவிட்டுப் போகும்.
நானூற்றுப் பதினெட்டாம் எண் ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக்
மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு
அதை உக்ரேனிய மொழியில் திட்டுவார்.
எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது, ஆனாலும்
அவர் பாதியில் நிறுத்தினால் ஏமாற்றமாக இருக்கும்.

ஜனவரியில் அவரை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது.
திட்டு நின்றது.
கார் மட்டும் நின்ற இடத்தில் நின்றது,
மூக்கிலிருந்து தொங்கும் ஆரஞ்சு வயர்
சுவரில் சொருகினபடி.
இந்தக் குளிரில் காருக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும்,
இல்லாவிட்டால் எண்ணெய் இறுகிப்போகும்.

மைனஸ் முப்பத்து நாலு. இரவு ஒன்பது பத்து.
தலையை மூடின ஓர் உருவம் வயரைப் பிடுங்கியது,
கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தது.
போலீசுக்கு டயல் செய்தேன்.
"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்,"
அப்புறம் புல்லாங்குழல்.
எஞ்சின் இருமி, இருமி, பிடித்தது.
புகை வெள்ளைத் தூணாக நேரே எழுந்தது.
கார் நகரவில்லை.

புல்லாங்குழல் முடிந்து மறுபடி தொடங்கியது.
போன் வெளிச்சத்தில் ஒரு முகம்: ரெமி டெஜார்லே.
போன கோடையில் என் கராஜ் கதவில்
ஹாக்கி வட்டால் பள்ளம் போட்டவன்.
தாடையில் முளைத்ததும் முளைக்காததுமாக மீசைக்கு ஒரு தம்பி.
கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.
அணைத்தான், இறங்கினான்,
வயரைச் சொருகினான்,
அதன் நுனியில் சின்ன விளக்கு எரிகிறதா என்று
குனிந்து பார்த்தான்.
முன்கண்ணாடிப் பனியை முழங்கையால் துடைத்தான்.

"சொல்லுங்கள், என்ன விஷயம்?" என்றது போன்.
"தப்பான நம்பர்," என்றேன்.
போலீசுக்கு எப்படி தப்பான நம்பர் வரும் என்று
அவள் கேட்கவில்லை, நல்லவள்.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.
ஒன்பது பத்துக்கு நான்
சமையலறை விளக்கை அணைத்துவிடுவேன்,
நாகரிகத்துக்காக என்று சொல்லிக்கொள்கிறேன்,
நன்றாகத் தெரியும் என்பதற்காகவும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து சேதி எதுவும் இல்லை.

திங்கள் இரவு
பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓரெஸ்ட் வீட்டுக்குப் போனேன்.
அவருடைய தொட்டிகள் தரையோடு உறைந்திருந்தன.
கறுப்பை நாலு உதை உதைத்தேன், கழன்றது.
நீலத்துக்கு ஆறு.
உள்ளே ஒன்றும் இல்லை, தெரியும்.
தெருவோரம் வரை இழுத்தேன்.
நடுவே ஒரு மீட்டர்.

கார் ஜன்னல் இறங்கியது.
"காலித் தொட்டியை எதுக்கு இழுக்கறீங்க?"
"நீ போகாத காரை எதுக்கு ஓட்டறே?"

ரெமி கொஞ்ச நேரம் யோசித்தான்.
பிறகு ஜன்னலை ஏற்றிக்கொண்டே சொன்னான்:
"பாத்துப் போங்க,
காலடியில வயர் இருக்கு."